லைனை வைக்காதீங்க

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். பெயர் பொருத்தத்தைப் பற்றி மட்டும் அங்கே இரண்டு பேச்சு கிடையாது. அழைப்புகளை எடுத்துப் பேசும் வேலை அவளுக்கு. காதில் ஹெட்போன், ஹெட்போனிலிருந்து ஒரு சுருள் வயர், அந்த வயர் இழுக்கிற தூரம்வரைக்கும் நடை. போக, வர, போக, வர. உட்கார்ந்தால் அவளுக்குப் பேச்சே வராது. மற்றவர்களுக்கு நாற்காலி தேயும். அவள் மேசைக்குப் பின்னால் தரைவிரிப்பு தேய்ந்து நூல் பிரிந்திருந்தது.

“ஓடுற வண்டிகூட சிக்னல்ல நிக்கும். உனக்கு அதுவும் கிடையாதே!” என்பாள் பக்கத்து மேசைக்காரி.

அந்தப் பக்கத்து மேசைக்காரிதான் வயர்லெஸ். சாலையில் இருக்கும் வண்டிகளோடு வயர்லெஸ்ஸில் பேசுவது அவள் வேலை. யார் வீட்டில் என்ன நடந்தாலும் மதியத்துக்குள் எல்லா மேசைக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும் என்பதற்காகவும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பம்பரம் ஏன் இப்படிச் சுழல்கிறாள் என்று யாரும் யோசித்ததில்லை. அவளுக்கே கொஞ்சம் தெரியும். யாரோ மாடிப்படியில் உருண்டுவிட்டார், யாருக்கோ நெஞ்சு வலி, எங்கேயோ பனிக்குடம் உடைந்துவிட்டது என்று அலறலோடு அழைப்பு வரும். இடம் கேட்பாள். அடையாளம் கேட்பாள். “லைனை வைக்காதீங்க, நான் இருக்கேன்” என்பாள். வண்டி போய்ச் சேரும்வரை அந்த அலறலைக் காதில் கட்டிக்கொண்டு நடப்பாள். “வந்துட்டாங்க! வந்துட்டாங்க!” என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், டொக்கென்று போன் வைத்துவிடுவார்கள். விழுந்தவர் எழுந்தாரா? குழந்தை அழுததா? அதைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? ஆயிரம் கதைகளின் முதல் பக்கத்தை மட்டும் படித்தவள் அவள். கடைசிப் பக்கத்தை ஒருவரும் அவளிடம் காட்டியதில்லை.

அந்த வாரம் அவளுக்குக் கடைசிப் பக்கம் தெரிந்தே ஆக வேண்டிய ஒரு கதை இருந்தது. அது அவளுடைய அக்காவின் கதை.

பெற்றவர்கள் முகம் பம்பரத்துக்குச் சரியாக நினைவில்லை. அக்காதான் எல்லாம். அக்கா பெரிய பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில், எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்லுகிற குரல். பள்ளிவிட்டு வந்து அந்தக் கண்ணாடி அறைக்குள் மேசைக்குக் கீழே உட்கார்ந்துதான் பம்பரம் வீட்டுப்பாடம் எழுதினாள். தூங்கினாள். சாப்பிட்டாள். ஊருக்கெல்லாம் வழி சொன்ன குரல், மைக்கை அணைத்ததும் குனிந்து, “சோறு ஆறுது, சாப்பிடுடி” என்று அவளுக்கு மட்டும் சொல்லும். அம்மா, அப்பா என்று அவள் காதில் இருந்த உறவெல்லாம் அந்த ஒரு குரல்தான்.

அந்தக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். மருத்துவர் பூசி மெழுகாமல் சொன்னார். “உயிருக்கு பயமில்லம்மா. ஆனா கட்டி குரல் நரம்போட ஒட்டிக்கிட்டு இருக்கு. எடுத்தப்புறம் குரல் இருக்குமா, எப்படி இருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

அக்கா அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டாள். தங்கைதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க ஆரம்பித்தாள். காவலாளி இரண்டு முறை வந்து “என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“நீ இங்க இருக்காதே,” என்றாள் அக்கா. “நீ நடக்கற நடையில டாக்டருக்குக் கை நடுங்கிடும். உன் சிநேகிதிங்க எங்கேயோ கார்ல கூப்பிட்டாங்கன்னு சொன்னியே, போ. உங்க அத்தான் இருக்காரு, பார்த்துப்பாரு.”

“உன்ன இங்க விட்டுட்டு நான் ஊர் சுத்தப் போகணுமா? நல்லா இருக்கு!”

“எனக்காகப் போடி. நீ கண்ணு முன்னாடி இல்லன்னாதான் எனக்கு பயம் வராது.”

அதற்குமேல் எப்படி மறுப்பது? போனாள். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் தங்கும் விடுதியிலிருந்து அக்காவை அழைத்தாள். “ஏதாவது பேசிக்கிட்டே இரேன் அக்கா, நான் பதிவு பண்ணி வச்சுக்கறேன்” என்று கேட்க நினைத்தாள். கேட்டால் குரல் போய்விடும் என்று தானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா? “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். வைத்த பிறகு விடுதியின் மொட்டைமாடியில் நடந்தாள்.

மறுநாள் காலையில் பாலைவனம்.

காரை ஓட்டியவள் கேப்டன். ஆம்புலன்ஸ் ஓட்டுபவள், வாட்டசாட்டமான உடம்பு. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை ஒற்றை ஆளாகத் தூக்கிவிட்டு, மறுமுனையைப் பிடித்தவனைப் பார்த்து “காலைல சாப்பிடலையா தம்பி?” என்று கேட்பவள். விடுமுறையிலும் அவளுக்கு மெதுவாக ஓட்ட வராது. நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவர்களெல்லாம் தாமாக ஒதுங்கி வழிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து, விடாதபோது ஆச்சரியப்பட்டாள்.

“ஏய், சைரன் இல்லடி இதுல!” என்று வயர்லெஸ் பின்னாலிருந்து கத்தினாள். “மூணு பேரும் நோயாளியா ஆகாம முழுசா வீடு திரும்பணும்.”

தார் சாலை முடிந்த இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை, நாலைந்து கார்கள். அங்கிருந்து வண்டி போகாது, நடைபாதைதான். ஒரு வறண்ட ஆற்றுப்படுகைக்குள் இறங்கி, செம்பாறைகளுக்கு நடுவே வளைந்து, ஒரு பெரிய மணல்மேட்டைச் சுற்றித் திரும்பி வரும் பாதை. வழி தவறாமல் இருக்கக் கற்களில் வெள்ளை வண்ணம் தீட்டியிருந்தார்கள்.

வானம் அத்தனை பெரியதாக இருந்தது. மணல் இரவுக் குளிரை இன்னும் விடவில்லை. வயர்லெஸ் கைகளை விரித்து, “அடடா! போன் மணியே இல்லாத உலகம்டி இது!” என்றாள்.

பம்பரம் பைக்குள் கையை விட்டாள். போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

அதன் பிறகு அவள் பார்த்ததெல்லாம் போனைத்தான். பாறைகள் செம்மையிலிருந்து பொன்னுக்கு மாறின, அவள் பார்க்கவில்லை. ஏதோ ஒரு சிறு பல்லி மணலில் எழுத்து எழுதிக்கொண்டு ஓடியது, வயர்லெஸ் கூவினாள், அவள் பார்க்கவில்லை. போனை முகத்துக்கு நேராகவும் தலைக்கு மேலேயும் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள், திரும்பி வந்தாள், பாறை மேல் ஏறினாள், இறங்கினாள். மற்றவர்கள் ஒரு நடை நடந்த வழியை அவள் மூன்று நடை நடந்தாள்.

“இவள நாய்க்குட்டி மாதிரி கயிறு கட்டித்தான் கூட்டிட்டு வந்திருக்கணும்,” என்றாள் கேப்டன்.

மணல்மேட்டின் உச்சியில் ஏறியபோது போன் ஒரு முறை சிணுங்கியது. அத்தானின் குறுஞ்செய்தி: ‘உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. பயப்படாதே.’

பம்பரம் அங்கேயே நடை போட ஆரம்பித்தாள். “நான் இங்கயே இருக்கேன். நீங்க சுத்திட்டு வாங்க.”

“வெயில் ஏறுது, இந்த உச்சியில ஒரு துளி நிழல் கிடையாது. வாடி.”

“வரமாட்டேன்.”

“நீ இங்க நின்னு உங்க அக்காவுக்கு என்ன தையல் போடப் போறியா?” என்று கேப்டன் அதட்டினாள். உடனே குரல் இறங்கியது. “எத்தனை பேர ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டிருக்கேன். உள்ள போனவங்கள வெளிய நிக்கறவங்க தவிப்பு காப்பாத்தினதே இல்ல. நட.”

பம்பரம் முறைத்தாள். ஆனால் நடந்தாள். அரை மனதாக, திரும்பித் திரும்பி அந்த உச்சியைப் பார்த்துக்கொண்டே.

வெயில் ஏறியது. தயங்கித் தயங்கி வந்த சூரியன் திடீரென்று தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது போல் இருந்தது. கேப்டன்தான் எப்போதும் முன்னால் போகிறவள். எப்போது பின்தங்கினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. வயர்லெஸ் பேசிக்கொண்டே நடந்தாள். வழக்கமாக வரும் கிண்டல் வரவில்லை என்று திரும்பினாள்.

கேப்டன் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சிவந்த முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. “வண்டிய... ஓரமா நிறுத்துங்க” என்றாள். நாக்கு குழறியது. அப்படியே சரிந்து மணலில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தாள்.

“ஐயோ!”

பம்பரம் பாய்ந்து வந்தாள். வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? கேப்டனைத் தொடவில்லை. அவள் முன்னால் நின்று, கட்டுப்பாட்டு அறைக் குரலில், நிதானமாக, “நினைவு இருக்கா? மூச்சு விடறாங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

“நாமதான்டி இருக்கோம் பக்கத்துல!” என்று வயர்லெஸ் அலறினாள். “கேள்வி கேக்காதே, பிடி!”

எத்தனையோ பேரைக் குரலாலேயே காப்பாற்றியவள். கையால் ஒருவரையும் தொட்டதில்லை. அந்தக் கைகள் ஒரு கணம் திகைத்து நின்றன. பிறகு இரண்டு பேருமாக அந்தப் பெரிய உடம்பைப் பாறையின் நிழலுக்கு இழுத்தார்கள். மேல் சட்டையைத் தளர்த்தினார்கள். துணியை நனைக்கத் தண்ணீர் தேடி, கேப்டன் இடுப்பில் தொங்கிய பெரிய பாட்டிலைத் தூக்கியபோது பம்பரத்துக்குச் சுரீரென்றது. பாட்டில் கனத்தது. மூடியின் சீலே உடையவில்லை.

விடியற்காலையிலிருந்து ஒரு வாய் குடிக்கவில்லை அவள்!

வயர்லெஸ் தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி! டூட்டி பழக்கம்டி இது! ரோட்டுல பொம்பளைங்களுக்கு ஒதுங்க இடம் ஏது? வண்டி எடுத்தா குடிக்கவே மாட்டா. விடுதியில நான் டீ கொடுத்தப்பவும் வேணாம்னுட்டா. பாலைவனத்துக்கும் அதே பழக்கத்தோட வந்திருக்கா!”

தினமும் இரண்டு பேரும் அவளோடு வேலை பார்க்கிறார்கள். மூன்று பேரும் அவசர சிகிச்சைத் துறை. இந்த ஒரு விஷயம் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. முன்னும் பின்னுமாக இத்தனை முறை ஓடியவள், கேப்டன் முகத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

நனைத்த துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள். சொட்டுச் சொட்டாக உதட்டை நனைத்தார்கள். கேப்டன் குடித்ததை வாந்தி எடுத்தாள்.

“நான் இவகூட இருக்கேன். என் முட்டிய வச்சுக்கிட்டு அந்த மேட்டுல ஏற முடியாது. நீ ஓடு!” என்றாள் வயர்லெஸ்.

பம்பரம் ஓடினாள். மணல் ஒவ்வொரு அடியையும் பின்னுக்கு இழுத்தது. கையை ஊன்றி, முட்டியை ஊன்றி, வாயெல்லாம் மணலாக உச்சிக்கு ஏறினாள். சிக்னல் வந்தது. காலையிலிருந்து அலைந்து அலைந்து சிக்னல் தேடிய போனில் உயிர் கொஞ்சம்தான் மிச்சம். சார்ஜ் கோடு சிவப்பாக இருந்தது. அவசர எண்ணை அழுத்தினாள்.

“ஆம்புலன்ஸ். எந்த இடத்திலிருந்து பேசறீங்க?” வேறு மாவட்டத்துக் கட்டுப்பாட்டு அறை. யாரோ ஓர் ஆண் குரல்.

எந்த இடம்? பம்பரம் வாயைத் திறந்தாள். “பாலைவனம்,” என்றாள். “மணல். பாறை.”

“அம்மா, பாலைவனம் முழுக்க அதான் இருக்கு. உங்க போன் காட்டற வட்டம் ரொம்பப் பெரிசா இருக்கு. பக்கத்துல அடையாளம் ஏதாவது சொல்லுங்க.”

இதே கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்! தடுமாறியவர்களிடம், “நடந்து வந்த வழிகூடத் தெரியாதா?” என்று எரிந்து விழுந்தும் இருப்பாள். நடந்து வந்த வழி அவளுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அவள் பார்த்தது உள்ளங்கை அகலக் கண்ணாடியை மட்டுமே. கண்ணீர் பொங்கியது.

“அழாதீங்கம்மா. நான் இருக்கேன். இப்ப நீங்க நிக்கற இடத்துலேர்ந்து மெதுவா சுத்திப் பாருங்க. உங்க நிழல் எந்தப் பக்கம் விழுது?”

வாழ்க்கையில் முதல் முறையாக அவள் நின்றாள். நிஜமாகவே நின்றாள். நின்று பார்த்தாள். “நிழல் இடது கைப்பக்கம்... ஆறு மாதிரி ஒரு பள்ளம், காஞ்சு கிடக்கு... அந்தப் பக்கம் மின்சாரக் கோபுரம் வரிசையாப் போகுது. ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல பாறை ஒண்ணு, உச்சி உடைஞ்ச மாதிரி...”

“உடைஞ்ச பாறையா? தெரிஞ்சிடுச்சும்மா. காவல் வண்டி அங்கதான் பக்கத்துல சுத்திட்டு இருக்கு. மணல்ல ஓடற வண்டி, அனுப்பறேன். லைனை வைக்காதீங்க. வண்டி கண்ணுக்குத் தெரிஞ்சதும் நீங்கதான் வழி சொல்லணும்.”

அப்போது காதுக்குள் பீப் என்றது.

இன்னோர் அழைப்பு. திரையைப் பார்த்தாள். அத்தான்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. என்ன ஆயிற்று? குரல் இருக்கிறதா? பீப். அவருக்கு எதற்கும் குறுஞ்செய்திதானே அனுப்பப் பழக்கம், இப்போது ஏன் கூப்பிடுகிறார்? பீப். எழுத முடியாத சேதியா? ஒரு விரல் நகர்த்தினால் போதும். கீழே, பாறை நிழலில், கேப்டனின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை.

“அண்ணா,” என்றாள். அவன் வயது என்னவென்று தெரியாது. குரலுக்குள் அழுகை வந்தால் முன்பின் தெரியாதவனும் அண்ணன்தான். “எங்க அக்காவுக்கு ஆபரேஷன். வீட்டுலேர்ந்து கூப்பிடறாங்க.”

“எடுக்காதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலம்மா. ஆனா அந்த இடத்துல சிக்னல் எப்ப போகும்னு தெரியாது. போச்சுன்னா டிரைவர் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது.”

பீப். பீப். நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

பெற்ற தாய்க்குச் சமமானவள் ஒரு பக்கம். மணலில் கிடக்கும் சிநேகிதி ஒரு பக்கம். பம்பரம் கண்ணை இறுக மூடினாள்.

“நான் லைன்லதான் இருக்கேன்,” என்றாள்.

அத்தானின் அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியாகத் தூரத்தில் புழுதி எழும்பி, அதற்குள் ஒரு வெள்ளை வண்டி புள்ளியாகத் தெரிந்தது. “வலது பக்கம்... இன்னும் வலது... பள்ளத்துல இறங்கச் சொல்லுங்க... இங்கதான், இங்கதான்!” துப்பட்டாவை உருவித் தலைக்கு மேல் சுழற்றினாள். “வந்துட்டாங்க! வந்துட்டாங்க!” என்று கத்தினாள். போன் அணைந்தது.

அந்த அண்ணனுக்கு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்துச் சிறு மருத்துவமனையில் கேப்டனுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அந்த வண்டிய யாரு ஓட்டினது? கியர் மாத்தவே தெரியல.”

“பொழைச்சிட்டா,” என்று வயர்லெஸ் சொல்லிவிட்டு, கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பம்பரம் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். காவல் வண்டி ஓட்டி வந்தவரிடம் போன் கேட்டு வாங்கினாள். அக்கா வீட்டில் யாரும் எண்ணை மாற்றியதே இல்லை. அத்தானின் எண்ணும் அவளுக்கு மனப்பாடம். அழுத்தினாள். வராந்தாவில் நடந்தாள். மணி அடித்தது. திரும்பி நடந்தாள்.

“எங்கம்மா போயிட்டே நீ?” அத்தான் கொதித்தார். “எத்தனை தடவை கூப்பிடறது? அவ கண்ணு முழிச்சதுலேர்ந்து சைகை காட்டிக்கிட்டே இருக்கா, உனக்குப் போன் போடுன்னு. நீ எடுக்கலன்னதும் கண்ணுல தண்ணி!”

“குரல்? அத்தான், குரல்?”

அவர் கொதிப்பு அடங்கியது. “தெரியலம்மா. நரம்பு உரசியிருக்குன்னாங்க. பேசவே கூடாதுன்னு உத்தரவு. எப்படி இருக்கும்னு நாள் போனாத்தான் தெரியுமாம். இரு, அவ காதுல வைக்கறேன். நீ மட்டும் பேசு.”

போன் கைமாறும் சரசரப்பு. பிறகு மூச்சுச் சத்தம். அது அக்காவின் மூச்சு. கண்ணாடி அறையின் மேசைக்கடியில் படுத்துக் கேட்ட மூச்சு.

“அக்கா,” என்றாள். நாளெல்லாம் ஊராரோடு பேசிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. சுவரில் சாய்ந்து, தரையில் சரிந்து, முந்தானை இல்லாத குறைக்குத் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பினாள்.

எதிர்முனையில் மூச்சு வேகமாயிற்று. அத்தான் பதறுவது கேட்டது: “ஏய், வேணாம், பேசாதே! டாக்டர் என்ன சொன்னாரு!”

“...அழாதடி.”

தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம். பாதி காற்று, பாதி கரகரப்பு. எந்த ஒலிபெருக்கியிலும் இனி அது ஒலிக்காது. பம்பரம் அப்படிப்பட்ட குரலைக் கேட்டதே இல்லை; அழைப்பில் வந்திருந்தால் யார் பேசுவது என்று கேட்டிருப்பாள். அவள் துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள்.

“சாப்... பிட்டியா?” என்றது அந்தக் கரகரப்பு.

“ஐயோ சிஸ்டர், இங்க பாருங்க, இவ பேசறா!” என்று அத்தான் யாரையோ துணைக்குக் கூப்பிட்டார்.

“நீ பேசாதேக்கா, பேசவே பேசாதே. நான் சொல்றேன், நீ கேளு,” என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “காலைல பாலைவனத்துக்குப் போனோமா? கேப்டன் இருக்காளே, உனக்குத் தெரியுமே, பெரிய ஆளு...”

வண்டி ஓட்டி வந்தவர் தன் போனுக்காக வந்து எட்டிப் பார்த்தார். வராந்தாத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, ஒரு பெண் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அது சட்டென்று முடிகிற கதையாகத் தெரியவில்லை. அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.